தோடு போட்ட சிப்

பினாங்கில், டத்தோ கெராமட் சாலைக்குப் பின்னால் ஒரு சந்துக்குள் இருக்கிறது அந்த ரத்தச் சுத்திகரிப்பு மையம். மொத்தம் பத்து நாற்காலிகள். வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், கையில் இரண்டு ஊசிகளோடு அவற்றில் சாய்ந்து கிடப்பவர்களுக்குப் பார்ப்பதற்கென்று இரண்டே பொருள்கள்தான் உண்டு. ஒன்று, பக்கத்தில் நிற்கும் இயந்திரத்தில் ஓடும் எண்கள். அவற்றை யாரும் விரும்பிப் பார்ப்பதில்லை. இன்னொன்று ரயில்.

சுவரைச் சுற்றி, ஆளுயரத்துக்குச் சற்று மேலே ஒரு பலகை அடித்து, அதன்மேல் தண்டவாளம் போட்டிருந்தார் ஸுல்கிஃப்லி. சூலியா தெருவில் முப்பத்தைந்து வருஷம் நாணய மாற்றுக் கடை வைத்திருந்தவர். சிறுநீரகம் பழுதாகி இந்த மையத்துக்கு வரத் தொடங்கிய இரண்டாம் மாதமே, வீட்டில் வைத்திருந்த பொம்மை ரயில்களை எல்லாம் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். "வீட்ல ஓடுனா நான் ஒருத்தன்தான் பாப்பேன்" என்றார். பட்டர்வொர்த் நிலையம், பினாங்குப் பாலம், மணிக்கூண்டு எல்லாம் அட்டையில் அவர் கையாலேயே செய்தவை. ஒரு முழுச் சுற்றுக்கு ஒன்றரை நிமிடம். அங்கே யாரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. "மிஸ்ஸி, இன்னும் இருபது ரவுண்டு இருக்கா எனக்கு?" என்று தாதி ரொஸ்னாவிடம் கேட்பார்கள்.

அக்டோபர் மாதம் ஒரு மத்தியானம் இடி விழுந்தது. கட்டடமே ஒருமுறை அதிர்ந்தது. சுத்திகரிப்பு இயந்திரங்களுக்குத் தனிப் பாதுகாப்பு இருந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மூலையில் இருந்த ரயிலின் கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து 'டப்' என்று ஒரு சத்தமும், அதன் பின்னால் மெல்லிய புகையும் வந்தன. ரயில் அட்டைப் பாலத்தின் நடுவில் நின்றது. நின்றது நின்றதுதான்.

ஏழாம் நாற்காலியில் இருந்த துளசிக்கு அந்த வாசனை முதலில் எட்டியது. சிலிக்கன் வெந்த வாசனை. பக்கத்தில் இருந்தவர்கள் ரப்பர் எரிகிறது என்றார்கள். 

துளசிக்கு நாற்பத்தாறு வயது. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் இருபத்துநான்கு வருஷம் வேலை பார்த்தவள். அதில் பதினெட்டு வருஷம் ரீவொர்க் பிரிவு. அதாவது, இயந்திரம் தப்பாகச் செய்த மின்பலகைகளைக் கையால் திருத்தும் வேலை. அரிசி முனையைவிடச் சின்ன உதிரிகளைக் கழற்றி, வேறு வைத்து, ஈயத்தை உருக்கிப் பற்று வைக்க வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன் சிறுநீரகம் கைவிட்டது. ஷிப்ட்டும் சிகிச்சையும் ஒத்துவரவில்லை. வேலையை விட்டாள். அன்றிலிருந்து, பார்ப்பவர்கள் எல்லாரும் எப்படி இருக்கிறாய் என்று கேட்டார்கள். என்ன செய்கிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ரயில் நின்ற இரண்டு வாரத்தில் ஸுல்கிஃப்லி போகாத கதவில்லை. ஐரோப்பாவில் இருக்கும், பெட்டியைச் செய்த கம்பெனிக்கு எழுதினார். அந்த மாடலை நிறுத்திப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது, உதிரி பாகங்கள் இல்லை, வருந்துகிறோம் என்று மரியாதையாகப் பதில் வந்தது. புதுப் பெட்டி வாங்கலாம் என்றால், அது பேசும் மொழி பழைய ரயில் என்ஜின்களுக்குப் புரியாதாம். எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். மையத்தின் செயற்குழு கூடி, நவம்பர் மாதக் கடைசியில் சுவர்ப் பலகையைக் கழற்றிவிட்டு ஒரு டிவி மாட்டலாம் என்று முடிவெடுத்தது.  ஸுல்கிஃப்லி நாற்காலியில் சாய்ந்தபடி பாலத்தில் நிற்கும் ரயிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அந்தப் பெட்டிய யாராச்சும் தெறந்து பாத்தாங்களா?" என்று துளசி கேட்டாள்.

"கடைக்காரன் பாத்தான்மா. ரோசாக், கெட்டுப்போச்சு, தூக்கிப் போடுங்கன்னுட்டான்."

"தெறந்து பாத்தானா?"

ஸுல்கிஃப்லி யோசித்தார். "தெறக்கலயே. குலுக்கிப் பாத்தான்."

"எங்கிட்ட குடுங்க. நான் பாக்கறேன்."

"நீ பாத்து என்னம்மா பண்ணப்போற?" அவர் இளப்பமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். மூன்று வருஷமாகப் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. இருந்தும் அவள் முன்னே என்ன வேலை பார்த்தாள் என்று அவருக்குத் தெரியாது.

"இருபத்துநாலு வருஷம் அதத்தாண்ணே பண்ணேன்" என்றாள் துளசி.

மறுநாள் காலையில் ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடி வீட்டில், சமையலறை மேசைமேல் பெட்டியைத் திறந்தாள். உள்ளே இருந்த மின்பலகையின் ஒரு மூலை கறுத்திருந்தது. மற்றவை எல்லாம் சுத்தமாக இருந்தன. நடுவே, அலுமினியத் தகட்டில் திருகி வைத்த ஒரு தடித்த சிப். அதன் முகம் வெடித்துச் சிதறிப்போயிருந்தது. பெயரும் எண்ணும் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குழி மட்டும் இருந்தது. பெயர் தெரியாத உதிரியை எந்தக் கடையில் போய்க் கேட்பது?

பூதக்கண்ணாடியை எடுத்தாள். கால்களை எண்ணினாள். பதினொன்று. ஒன்று முன்னே ஒன்று பின்னே என்று மாறி மாறி வளைந்திருந்தன. அப்படிப் பதினொரு கால் உள்ள சிப்புகள் பல உண்டு. பிறகு அவள் கண் இரண்டு ஓரங்களுக்கும் போயிற்று. இடது ஓரத்து இரண்டு கால்களுக்கு நடுவே ஒரு குட்டி கெப்பாசிட்டர். வலது ஓரத்து இரண்டு கால்களுக்கு நடுவே அதேபோல் இன்னொன்று. இரண்டு காதிலும் தோடு போட்ட மாதிரி.

துளசி பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

பத்தொன்பது வயதைத் தாண்டாத பெண்ணாக அவள் முதன்முதலில் சேர்ந்த தொழிற்சாலையில், ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரங்களுக்கான பலகைகள் செய்தார்கள். ஒரு நாளைக்கு நானூறு பலகை. ஒவ்வொன்றிலும் இந்தச் சிப் இரண்டு. சூப்பர்வைசர்கள் அதன் நீளமான எண்ணைச் சொல்வார்கள். வரிசையில் இருந்த பெண்களுக்கு அது 'தோடு போட்ட சிப்'. மலாய்ப் பெண்கள்கூட அதை 'சிப் சுபாங்' என்றுதான் சொன்னார்கள். அந்த எண் அவளுக்குத் தன் தொலைபேசி எண்ணைப் போல மனப்பாடம்.

பெயர் கிடைத்துவிட்டது. பொருள்தான் கிடைக்கவில்லை. ஜார்ஜ்டவுனில் உதிரி பாகம் விற்கும் கடைகளுக்கு ஒன்றுவிடாமல் போன் போட்டாள். "அது ஸ்டாப் ஆல்ரெடிலா அக்கா" என்றே எல்லாரும் சொன்னார்கள். இணையத்தில் ஒருவன் ஐந்து வைத்திருந்தான். வாங்கினாள். ஒரு வாரத்தில் வந்தன. பார்க்கப் பளபளவென்று புதிதாக இருந்தன. துளசிக்கு அந்தப் பளபளப்பே பிடிக்கவில்லை. நகச்சாயம் அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் நனைத்து ஒன்றின் முகத்தைத் துடைத்தாள். எழுத்துகள் பஞ்சோடு வந்துவிட்டன. அடியில் வேறு ஏதோ ஒரு சிப்பின் சுரண்டிய தடம் தெரிந்தது. ஐந்தும் அப்படித்தான், எண் மாற்றி எழுதிய போலிகள். இடத்தில் வைத்திருந்தால் மிச்சமிருந்த பலகையும் வெந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை கணவன் சிவநேசனைக் கூட்டிக்கொண்டு லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தைக்குப் போனாள். சிவநேசன் கிராப் வாடகைக் கார் ஓட்டுகிறவர். ஞாயிறு அவருக்கு நல்ல சவாரி நாள். இருந்தும் வந்தார். வெயிலில் இரண்டு மணி நேரம், பழைய பிரிண்டர்களையும் ரேடியோக்களையும் புரட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் தேறவில்லை. துளசிக்குக் கால் வீங்கிவிட்டது. தாகம் வேறு. அவள் குடிக்கக்கூடிய தண்ணீருக்கு அளவு உண்டு.

காரில் ஏறியதும் சிவநேசன் சொன்னார். "போதும் துளசி. ஒடம்பக் கெடுத்துக்காத. ஒரு வெளையாட்டு ரயிலுக்குப் போயி இவ்வளவா?"

அவள் வீங்கிய காலை நீட்டிக்கொண்டாள். பிறகு, "மூணு வருஷம் கழிச்சு எனக்கு ஒரு வேல வந்திருக்குங்க" என்றாள். "பாதியில போட்டுட்டு வரச் சொல்றீங்களா?"

சிவநேசன் காரைக் கிளப்பினார். ஆனால் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. "எங்க போகணும், சொல்லு" என்றார்.

எங்கே போவது என்று அவளுக்கும் தெரியவில்லை. சிவப்பு விளக்கில் நின்றபோது முன்னால் ஒரு வேன். அதன் முதுகு முழுக்கக் கத்தரித்து ஒட்டிய எழுத்துகள்: கேட்டரிங், கல்யாணம், போன் நம்பர். அவள் அதையே பார்த்தாள். அவள் கையால் செருகிய அத்தனை சிப்புகளும் எங்கே போயின? ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரங்களுக்குள். அந்த இயந்திரங்கள் எங்கே போயின? இதே ஊர்க் கடைகளுக்குள்ளும்தானே வந்திருக்க வேண்டும்?

"சூலியா தெருவுக்கு விடுங்க. பேர்ப்பலகைக் கடைங்க அங்கதான் இருக்கு" என்றாள்.

சூலியா தெருவில் இஸ்மாயில் என்பவர் பெயர்ப்பலகைக் கடை வைத்திருந்தார். மூன்று கடைகளில் விசாரித்து, நான்காவதாக அங்கே வந்து சேர்ந்தார்கள். பழைய மிஷின் ஏதும் உண்டா என்று கேட்டதும் அவர் பின்கட்டைக் காட்டினார். அட்டைப்பெட்டிகளுக்கு அடியில், பிளாஸ்டிக் உறை போட்டு, ஒரு நீளமான இயந்திரம். மேல் மூடியில் இருந்த அடையாளம், துளசியின் முதல் தொழிற்சாலை பலகை செய்துகொடுத்த கம்பெனியுடையது.

"ரோசாக் ஆகி நாலு வருஷம்" என்றார் இஸ்மாயில். "எடம் அடைக்குது. என்ன வேணுமோ கழட்டிக்குங்க அக்கா. சும்மாதான்."

மூடியைத் திறந்தாள். உள்ளே பச்சைப் பலகை. அதில் இரண்டு சிப்புகள், தோடும் காதுமாக. முகம் சிதையாமல், எண் தெளிவாக. அலுமினியத் தகட்டிலிருந்து திருகைக் கழற்றக் கை போனது. அப்போது பழக்கதோஷம், கண் தானாகப் பலகை முழுவதும் ஒரு சுற்றுச் சுற்றியது. பதினெட்டு வருஷம் அப்படித்தான் பார்த்தாள். ஒரு பலகையைத் தொடுவதற்கு முன் முழுதாகப் பார்க்க வேண்டும்.

மின்சாரக் கம்பி வந்து சேரும் இடத்தில், ஒரு காலைச் சுற்றி மயிரிழை போல ஒரு வட்டமான விரிசல். பற்று விட்டிருந்தது. அவ்வளவுதான் நோய். வேறொன்றும் இல்லை.

துளசி நிமிர்ந்தாள். சிவநேசன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னாச்சு? அது இல்லையா?" என்றார்.

"அதேதான்."

"அப்ப எடேன்."

எடுத்திருக்கலாம். இஸ்மாயில் கொடுத்துவிட்டார். கேள்வி கேட்க யாரும் இல்லை. அவள் கையில் திருப்புளியை வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றாள். 

"அண்ணே," என்று இஸ்மாயிலைக் கூப்பிட்டாள். "இது சாகல. ஒரு எடத்துல ஈயப் பத்து விட்டிருக்கு. இப்பவே சரி பண்ணிரலாம்."

அவர் நம்பவில்லை. துளசி பையிலிருந்து ஈயம் உருக்கும் தன் பற்றுக்கோலை எடுத்தாள். வேலையை விட்டபோது வாங்கிய பணத்தில் அவள் தனக்கென்று வாங்கிய ஒரே பொருள் அது. நுனி சூடானதும், பழைய பற்றை உறிஞ்சி எடுத்துப் புதிதாக வைத்தாள். இரண்டு நிமிட வேலை. பொத்தானை அமுக்கினார் இஸ்மாயில். நான்கு வருஷமாக ஊமையாகக் கிடந்த இயந்திரம் 'விர்ர்' என்று இழுத்துக்கொண்டு, தலையை இடதுகோடிக்குக் கொண்டுபோய் நிறுத்தியது.

"யா அல்லாஹ்" என்றார் இஸ்மாயில். கனமான ஒளிரும் தாளைப் புது இயந்திரத்தைவிட இதுதான் நன்றாக வெட்டும் என்று சொல்லி, ஒரு துண்டைச் செருகி வெட்டியும் பார்த்தார். பிறகுதான் அவருக்கு உறைத்தது. "அக்கா, அப்ப ஒங்களுக்கு சிப்பு இல்லியே?"

"இல்லதான்."

"சொல்லாம இருந்திருந்தா கழட்டிட்டுப் போயிருக்கலாமே?"

"உயிரோட இருக்கற மிஷின்லேருந்து பிடுங்கறது ரீவொர்க் இல்லண்ணே" என்றாள் துளசி.

சிவநேசன் தலையைக் குனிந்து அட்டைப்பெட்டிகளை அடுக்குவதுபோல் பாவனை செய்தார். அவர் முகத்தில் இருந்ததை அவள் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டாள். கல்யாணமான புதிதில், தொழிற்சாலை வாசலில் அவளுக்காகக் காத்திருந்தபோது இருந்த முகம்.

இஸ்மாயில் போனை எடுத்தார். கெப்பாலா பத்தாஸில் அவருடைய சிற்றப்பா மகள் ரோஹானா, பள்ளிக்கூடங்களுக்குப் பதாகை செய்துகொடுப்பவள். இருவரும் ஒரே வருஷம், ஒரே இயந்திரம் வாங்கியவர்கள். போன மழையில் அவள் கடையின் கூரை இடிந்து இயந்திரத்தின்மேல் விழுந்துவிட்டதாம். தண்டும் உருளையும் நசுங்கிப்போயின.

"போர்டு எப்டி இருக்குன்னு கேளுங்க" என்றாள் துளசி.

"போர்டு அடியில இருக்கு, அதுக்கு ஒண்ணும் ஆகலங்கறா. நாளைக்கே வாங்கங்கறா."

மறுநாள் பினாங்குப் பாலத்தைத் தாண்டிப் போனார்கள். ரோஹானா பலகையைக் கழற்றி, ஈரம் படாமல் பிளாஸ்டிக் பையில் சுற்றி, தயாராக வைத்திருந்தாள். அண்ணன் கடையில் நடந்ததை அவள் ஏற்கெனவே கேட்டிருந்தாள். "ஒங்களுக்குக் குடுக்கணும்னே எடுத்து வச்சேன் அக்கா. இது நெசமாவே செத்துப்போச்சு, பயப்படாதீங்க" என்று சிரித்தாள். துளசி அந்த நசுங்கிய இயந்திரத்தையும் ஒருமுறை சுற்றிப் பார்த்து, அது சரிதான் என்று உறுதி செய்துகொண்டாள்.

சிகிச்சை முடிந்த நாளில் துளசிக்குக் கை நடுங்கும். அதனால் ஒரு நாள் விட்டு, காலையில் பசியாறிய பிறகு உட்கார்ந்தாள். ரோஹானாவின் பலகையிலிருந்து சிப்பைப் பதினொரு காலும் முறியாமல் எடுக்க முக்கால் மணி நேரம். ரயில் பெட்டியின் கருகிய பலகையைச் சுரண்டிச் சுத்தம் செய்தால், செம்புத் தடம் இரண்டு இடத்தில் எரிந்தே போயிருந்தது. பழைய கம்பியிலிருந்து ஒற்றை இழையை உருவி, இரண்டு பாலம் போட்டாள். இடது கை பலகையைப் பிடித்திருந்தது, வலது கை கோலைப் பிடித்திருந்தது. பதினொரு காலும் புது இடத்தில் ஒவ்வொன்றாக உட்கார்ந்தன. 

வியாழக்கிழமை காலை, ஊசி போடுவதற்கு முன்னாலேயே மையத்துக்குப் போனாள். ஸுல்கிஃப்லி அவளுக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். நேரே மின்சாரம் கொடுக்க அவள் சம்மதிக்கவில்லை. நடுவில் ஒரு கார் பல்பை வைத்துக் கட்டினாள். "பல்பு மங்கலா எரிஞ்சா நல்லது. பளிச்சுன்னு எரிஞ்சா எங்கயோ தப்பு. சிப்பு வேகாம பல்பு தாங்கிக்கும்" என்று அவரிடம் சொன்னாள்.

பொத்தானை அமுக்கினாள். பல்பு பளிச்சென்று எரிந்தது.

நாற்காலிகளில் இருந்தவர்களிடமிருந்து ஒரு 'ச்சூ' கிளம்பியது. ரொஸ்னா வாயில் கை வைத்துக்கொண்டாள். "பரவால்லம்மா, நீ செஞ்சதே பெருசு" என்றார் ஸுல்கிஃப்லி. 

துளசிக்கு அந்த ஆறுதல் எரிச்சலாக இருந்தது. "நான் இன்னும் முடிக்கலண்ணே" என்றாள். அணைத்துவிட்டு யோசித்தாள். பலகையை மூன்று முறை சோதித்தாயிற்று. அதில் தப்பில்லை. அப்படியென்றால் தப்பு வெளியே. தண்டவாளத்தில் எத்தனை என்ஜின் நிற்கிறது? நான்கு. இடி பெட்டியை மட்டுமா தொட்டிருக்கும்?

ரொஸ்னாவை ஏணியில் ஏற்றி ஒவ்வொரு என்ஜினாக எடுக்கச் சொன்னாள். முதலாவதை எடுத்தார்கள். பல்பு பளிச்சென்றே எரிந்தது. இரண்டாவது. அப்படியே. மூன்றாவது, பச்சை நிறச் சரக்கு என்ஜின். அதைத் தூக்கியதும் பல்பு சட்டென்று மங்கி, ஒரு பொட்டு அளவு சிவப்பாக நின்றது.

"அதுதான். அதத் தனியா வைங்க மிஸ்ஸி. அதுக்கு வேற வைத்தியம்" என்றாள் துளசி. மற்ற இரண்டையும் திரும்ப வைக்கச் சொல்லிவிட்டு, பல்பைக் கழற்றினாள். "இப்ப நீங்க ஓட்டுங்கண்ணே."

ஸுல்கிஃப்லி குமிழைத் திருகினார். ஐந்து வாரமாக அட்டைப் பாலத்தின்மேல் நின்றிருந்த ரயில் ஒருமுறை சிலிர்த்தது. முன்விளக்கு எரிந்தது. மெல்ல நகர்ந்து, பாலத்தைக் கடந்து, பட்டர்வொர்த் நிலையத்தைத் தாண்டி, மணிக்கூண்டின் பின்னால் மறைந்து, மறுபக்கம் வெளியே வந்தது. ஊசி போட்ட கையை அசைக்க முடியாதவர்கள் மற்றக் கையால் நாற்காலியைத் தட்டினார்கள். இரண்டாம் நாற்காலியில் இருந்த குணவதி, மூன்று மாதமாக யாரோடும் பேசாதவள், "மிஸ்ஸி, எனக்கு எத்தன ரவுண்டு?" என்று சத்தமாகக் கேட்டாள்.

ஸுல்கிஃப்லி ரயிலைப் பார்க்கவில்லை. துளசியைப் பார்த்தார். "மூணு வருஷமா பக்கத்துல ஒக்காந்திருக்கேன். ஒனக்கு இது தெரியும்னு எனக்குத் தெரியாமப் போச்சே" என்றார்.

"நானும் சொல்லலியேண்ணே."

செயற்குழு டிவி யோசனையைக் கைவிட்டது. மையத்தின் காலாண்டு இதழில் இதை எழுத வேண்டும் என்று ரொஸ்னாவிடம் பொறுப்புக் கொடுத்தார்கள். அடுத்த சனிக்கிழமை, துளசிக்கு ஊசி போட்டு முடித்ததும் ரொஸ்னா ஒரு தாளை எடுத்து வாசித்துக் காட்டினாள். 'நமது மையத்தின் நோயாளியான திருமதி துளசி, தமது நோயையும் பொருட்படுத்தாமல், நல்லெண்ணத்தோடு...'

"நிறுத்துங்க மிஸ்ஸி" என்றாள் துளசி. "நோயாளின்னு வேண்டாம். நல்லெண்ணமும் வேண்டாம்."

"பின்ன என்னக்கா போடட்டும்?"

"ரீவொர்க் டெக்னீஷியன்னு போடுங்க."

ரொஸ்னா பழையதை அடித்துவிட்டு எழுதத் தொடங்கினாள். பாதியில் நிமிர்ந்து, "ரீவொர்க்குக்கு இங்கிலீஷ்ல நடுவுல கோடு உண்டா அக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல. ஒரே வார்த்த" என்றாள் துளசி. "சேத்து எழுதுங்க."